எழுபத்திரண்டு மணி

பிராங்க்பர்ட்டுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே
ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.
போனில் பார்த்தேன்.
ஒரு கோடு போட்டு, அதன்மேல் குட்டி விமானம் வைத்து
ஒன்பதரை மணி நேரம் என்றது.
கோடு ஏன் வளைந்திருக்கிறது?
பூமி உருண்டையல்லவா என்றார் பக்கத்து அறை மிருணாள்,
சிலிகுரிக்காரர்,
மனைவியின் சிறுநீரகத்துக்காக ஆறு மாதமாய்
காந்தி ரோடு பின்சந்து லாட்ஜில் சோறு வடிக்கிறவர்.
அவருக்குத் தூரம் என்றால்
காட்பாடியில் ஏறி இரண்டு இரவு.

தம்பியின் எலும்புக்குள் இருந்ததை
ஒன்பது நாள் மருந்து விட்டு அழித்துவிட்டார்கள்.
சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல் மாதிரி கிடக்கிறான்,
ஒரு மயிர் மிச்சமில்லை.
கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள்:
இனி பாதியில் நிறுத்த முடியாதும்மா.
பழையது போயாயிற்று.
புதியது
யாரோ ஒருவர் மடியில் வந்துகொண்டிருக்கிறது,
நாலு டிகிரிக் குளிரில், நீலப் பெட்டியில்.
எடுத்த நேரத்திலிருந்து எழுபத்திரண்டு மணி.
அதற்குள்.

கொடுத்தவர் பெயர் சொல்ல மாட்டார்கள்.
ஆண். வயது இருபத்தொன்பது.
அவ்வளவுதான் தாளில் இருக்கிறது.

துத்திப்பட்டில் ஷூ கம்பெனி, ஆறாவது லைன்,
இடதுகால் மேல்தோலுக்கு இரட்டைத் தையல், அது என் வேலை.
பெட்டிமேல் ஒட்டுகிற சீட்டில்
அந்த தேசத்தின் பெயரைத் தினமும் பார்க்கிறேன்.
கப்பலில் முப்பது நாள் போகுமாம்.
அவசர ஆர்டர் என்றால் மட்டும் விமானம்.
அன்றைக்கு சூப்பர்வைசர்
தண்ணீர் குடிக்கக்கூட எழ விடமாட்டார்.
ஒரு செருப்புக்கு என்ன அவசரம் என்று
பொருமியிருக்கிறேன்.

எட்டு மணிக்கு ஈரான்.
பத்தே முக்காலுக்கு அரபிக்கடல்,
குட்டி விமானம் நீலத்தில் நகராமல் நின்றது;
நெட் பேக் தீர்ந்திருந்தது.
மிருணாள் தன் போனைக் கொடுத்தார்.
பன்னிரண்டே காலுக்கு இறங்கிவிட்டது.
அங்கே இன்னும் நேற்று.

அப்புறம்தான் தூரம் ஆரம்பித்தது.
ஸ்ரீபெரும்புதூரில் பாலம் வேலை.
சுங்குவார்சத்திரத்தில் ஒரு டிரெய்லர்
குறுக்கே படுத்துக்கொண்டது.
வாலாஜா டோலில் சில்லறைத் தகராறாம், யாருக்கோ, முன்னால் வண்டியில்.
நூற்றி முப்பது கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம்.
அப்துல்லாபுரத்தில் ரன்வே போட்டு
வேலியும் கட்டி வைத்திருக்கிறார்கள்,
பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்.
விமானம்தான் இல்லை.
அன்றிரவு அந்த வேலியை நினைத்து
வாய்க்கு வந்தபடி திட்டினேன்,
ஜெபம் செய்ய வேண்டிய நேரத்தில்.

வந்தவள் வெள்ளைக்காரி, நரைத்த தலை,
கண் சிவந்து கிடந்தது.
வழியெல்லாம் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லையாம்,
கழிப்பறைக்கும் எடுத்துப் போனாளாம்.
கையைப் பிடித்துக்கொண்டு
என்ன சொல்வதென்று தெரியாமல்
அவள் இடதுகாலைப் பார்த்தேன்.
எங்கள் லைன் இல்லை. தையல் அகலம் அதிகம்.

நாற்பத்தோரு மணி நேரம் ஆகியிருந்தது.
ஒரு கைப்பிடிப் பைதான்,
தக்காளி ரசத்தின் அடிமண்டி நிறம்.
சொட்டுச் சொட்டாய் ஐம்பது நிமிடம்.
நெகேமியா குறட்டை விட்டான்.
கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்:
அந்தப் பெயர் தெரியாதவன் இப்போது
தூங்குவானா, வேலைக்குக் கிளம்புவானா,
கால் சைஸ் என்ன?

பிடித்துக்கொண்டால் ரத்த வகை மாறிவிடும் என்றாள் நர்ஸ்,
ஓ-வாக இருந்தவன் ஏ ஆகிவிடுவானாம்.
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்,
லைசென்ஸில் பழசு அச்சடித்திருக்கிறது.
மாற்ற வேண்டும்.
வாணியம்பாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்.
எவ்வளவு தூரம் என்று
போனில் பார்க்கவில்லை.